சேத்தம்மா

சேறு முழங்கால்வரை வந்துவிட்டது, இன்னும் அந்தக் குரல் வரவில்லை, முதலில் தவளைகள், பிறகு யாரோ சேற்றிலிருந்து காலை உருவுகிற சத்தம், அதற்கும் அடியில் ஊர்ந்துகொண்டே இருக்கிற பேஸ் கிதார், இன்னும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தால் இடுப்புவரை இழுத்துவிடும் என்று தெரிந்தும் தமயந்தி கண்ணைத் திறக்கவில்லை, திறந்தால் என்ன தெரியப்போகிறது, போரூரில் ஓர் ஓட்டலின் மாடியில் இருக்கும் சின்ன மண்டபம், அதன் மணமகள் அறை, ஜன்னல் இல்லாத அறை, மூலையில் யாரோ அவிழ்த்துப் போட்ட சுடிதார், அவள் உட்கார்ந்திருக்கிற பிளாஸ்டிக் நாற்காலி, அடித்துத் தள்ளினால்தான் திறக்கும் ஒரு கதவு, அவ்வளவுதான், அதற்குச் சேறே தேவலை. வெளியே அவளுடைய ஒரே மகள் சஹானாவுக்கு வளைகாப்பு நடக்கிறது, பெற்றவள் தலைவலி என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பழைய டிவி தொடரின் இசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், யாராவது பார்த்தால் இவளுக்கு மறை கழன்றுவிட்டது என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும், வெளியே காசுக்குப் பாட வந்த ஒரு பெண் ஸ்பீக்கரில் டிராக் போட்டுக்கொண்டு வளையல் பாட்டுப் பாடுகிறாள், சுருதி ஒரு பக்கம் போகிறது அவள் ஒரு பக்கம் போகிறாள், அதைக் கேட்பதற்கு இந்தத் தவளைகளைக் கேட்கலாம்.

புதைசேறு என்று ஒரு தொடர் வந்ததே, வியாழக்கிழமைதோறும், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு பார்த்ததே, கழிமுகத்தை ஒட்டிய ஒரு கிராமம், அங்கே ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள், விசாரிக்க வருகிற இன்ஸ்பெக்டரும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஊருக்குள் அமிழ்ந்துபோவார், அந்தத் தொடரின் இசைநாடாக்களை இப்போது இசையமைப்பாளரின் மகள் தூசு தட்டி ஆல்பமாக்கி இணையத்தில் போட்டிருக்கிறாள், சார் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகிறது, கோரஸில் கூடப் பாடிய எஸ்தர் அக்காதான் காலையில் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள், உன் ஊளை வந்திருக்குடி, கேளு, என்று. ஆல்பத்தில் யார் யார் பெயரோ இருக்கிறது, கிதார் வாசித்தவர், வயலின் வாசித்தவர், நாடாவைச் சுத்தம் செய்தவர் பெயர்கூட இருக்கிறது, குரல் என்ற இடத்தில் மட்டும் குழுவினர் என்று போட்டிருக்கிறது, அந்தக் குழுவினர் இங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். தவளை தவளையே இல்லை, மோர்சிங், சேறு சேறே இல்லை, ஒரு வாளி நிறைய அரிசிக் கஞ்சி, அதில் முழங்கைவரை கையை விட்டு விட்டு எடுத்தவர் பெயர் மறந்துவிட்டது, கையெல்லாம் பசை காய்ந்து வெள்ளையாக, சாப்பாட்டு நேரத்தில் அவர் கையைக் கழுவிக்கொண்டே இருப்பார், கேட்கிறவர்களுக்கு அது சதுப்புநிலம், அவளுக்கு அது வடபழனி ஒலிப்பதிவுக் கூடம். ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே, யாரோ ஒருவர் சேற்றுக்குள் போகப்போகிறார் என்றால் அதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கிருந்தோ கிளம்பி வருமே, ஆணும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல், வாயைத் திறக்காத முனகலாக, அதற்குப் பிள்ளைகள் ஒரு பெயர் வைத்தார்கள், சேத்தம்மா, சேற்றுக்குள் இருந்து கூப்பிடுகிற அம்மா, சாப்பிடாத பிள்ளைக்கும் தூங்காத பிள்ளைக்கும் தமிழ்நாடு முழுக்க அந்தப் பெயரைச் சொல்லித்தான் சோறு ஊட்டினார்கள், இந்தா வாங்கிக்கோ, இல்லன்னா சேத்தம்மா வருவா.

இதோ வருகிறாள், மூன்றாவது பாட்டில், பேஸ் கிதார் நின்றதும், அவள் வருகிறாள், தமயந்திக்கு இப்போதும் கழுத்துக்குப் பின்னால் சில்லிடுகிறது, தன் குரல்தான் என்று தெரிந்தும் சில்லிடுகிறது, இருபத்தாறு வயது, வயிற்றில் சஹானா, ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ணாடி அறைக்குள் ஏசிக் குளிர், பாதமெல்லாம் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை, காலையிலிருந்து ஹம்மிங் எடுக்கிறார்கள், சார் திருப்தியே படவில்லை, பயம் வரலம்மா, பக்திதான் வருது, கோயில்ல பாடற மாதிரி இருக்கு, என்கிறார், எத்தனை முறை பாடினாலும் அதையே சொல்கிறார், பிறகு சாப்பாட்டுக்கு விட்டார்கள், எஸ்தர் அக்கா டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வா என்கிறாள், இவளுக்கு எழுந்திருக்க முடியவில்லை, மைக்குக்கு முன்னால் ஸ்டூலிலேயே உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டு வாய்க்குள் ஒரு தாலாட்டு, அம்மா பாடியதில்லை, யாரும் சொல்லித் தந்ததில்லை, தானாக அந்த மாதங்களில் வந்து ஒட்டிக்கொண்டது, வார்த்தைகூடக் கிடையாது, மேலே போகப் பார்த்துவிட்டு மறுபடி கீழேயே வந்து உட்காருகிற ஒரு மெட்டு. எஸ்தர் அக்கா திட்டினாள், பிள்ளை பிறப்பதற்கு முன்னால் தாலாட்டுப் பாடக்கூடாது, வெறும் தொட்டிலை ஆட்டுகிற மாதிரி அது, ஆகாது, என்று சர்ச்சுக்குப் போகிற எஸ்தர் அக்காவே திட்டினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், அவள் சிரித்தாள், நிறுத்தவில்லை, அந்தப் பக்கம் நாடா ஓடிக்கொண்டிருந்தது. இஞ்சினீயர் மறந்தாரோ வேண்டுமென்றே விட்டாரோ, சார் சாப்பிட்டு வந்து அதைக் கேட்டார், வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் போடச் சொன்னார், நாடா மெதுவாகச் சுற்றச் சுற்ற அவள் குரல் இறங்கி இறங்கி எங்கோ தரைக்கு அடியில் போய்விட்டது, சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார், இதுதான், நீ வீட்டுக்குப் போம்மா, வேலை முடிஞ்சுது, என்றார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஓய்வு கிடைத்தால் போதும் என்று வந்துவிட்டாள்.

தொடர் வந்தபோது சஹானா மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள், டிவியில் ஒரு மீனவன் சேற்றில் கால் வைக்கிறான், அந்தக் குரல் கிளம்புகிறது, அவள் கணவர் லுங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு, யப்பா, என்னா மாதிரி இருக்கு பாரு, லைட்டைப் போடு, என்கிறார், அவளுக்கு முதல் சுற்று முடிவதற்குள் தெரிந்துவிட்டது, இது என்னுடையது, இது நான் குழந்தைக்குப் பாடியது, குனிந்து பார்த்தால் குழந்தை மார்பை விட்டுவிட்டுத் தூங்கிவிட்டது, அந்தப் பயங்கரத்தைக் கேட்டுக்கொண்டே அது தூங்கியது, படம் புரியாத வயது. புரிகிற வயதும் வந்தது. தொடர் முடிந்து வேறொரு சேனல் அதை வாங்கி மத்தியானங்களில் மறுபடி போட்டது, பக்கத்து வீட்டில் சத்தமாக வைப்பார்கள், சஹானாவுக்கு அப்போது ஐந்து வயதோ என்னவோ, அந்தக் குரல் சுவர் வழியாக வந்தால் போதும், கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள், சேத்தம்மா வராப்பா, போகச் சொல்லுப்பா, என்று அப்பாவைத்தான் கூப்பிடுவாள். ஒருமுறை காய்ச்சல், உடம்பு கொதிக்கிறது, தமயந்தி ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் சாய்ந்து, நினைப்பில்லாமல், முற்றிலும் நினைப்பில்லாமல், வாய்க்குள் அந்த மெட்டை ஆரம்பித்துவிட்டாள், சரியான வேகத்தில்தான், மெல்லியதாகத்தான், குழந்தை கண்ணைத் திறந்தது, அம்மாவின் முகத்தைப் பார்த்தது, அந்தப் பார்வையைச் சொல்ல முடியாது, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு கேட்டது, அம்மா, நீதான் சேத்தம்மாவா. இல்லடா கண்ணு, இல்லவே இல்ல, என்றாள், பொய், குழந்தைக்கும் தெரிந்தது, அன்று முழுக்க அப்பா கையால்தான் மருந்து குடித்தது. குழந்தைகிட்ட எதையும் சொல்லித் தொலைக்காத, அவ வயித்துல இருக்கும்போது பாடினதுன்னு தெரிஞ்சா இன்னும் அரண்டுடுவா, பெரியவளானா தானா மறந்துடுவா, என்றார் அவர், அதுவும் நியாயமாகத்தான் பட்டது, அதோடு தமயந்தி சமையலறையில்கூட முனகுவதை விட்டாள், தாலாட்டை எடுத்துச் சேற்றில் போட்டாகிவிட்டது, எடுக்கப் போனால் கையெல்லாம் சேறு.

அது யார் குரல் என்பது எப்படியோ ஊரில் கசிந்துவிட்டது, அதற்கப்புறம் வெளியே வர வழியே இருந்ததில்லை, கோரஸுக்குக் கூப்பிட்டவர்கள் உங்க குரல் தனியாத் தெரியுதுங்க என்று நாசூக்காகக் கழற்றிவிட்டார்கள், கல்யாண வீடுகளில் இளவட்டங்கள் சூழ்ந்துகொண்டு ஆன்ட்டி, ஒரே ஒரு தடவை, அந்தச் சேத்தம்மா குரல், என்று கெஞ்சும், அதே வீட்டில் நலங்குக்குப் பாட வாயைத் திறந்தால் பெரியவர்கள், நீ இரும்மா, தொண்டை கட்டியிருக்கும், என்று மறித்துவிடுவார்கள், கேட்கிறவர்களுக்கு அது ஒன்றுதான் வேண்டும், வேண்டாதவர்களுக்கு அவளிடமிருந்து எதுவுமே வேண்டாம், இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷி எந்தப் பாட்டைத்தான் பாடுவாள். சஹானா உண்டானது தெரிந்ததும் அவளுக்கு ஓர் ஆசை வந்தது, வளைகாப்புக்கு ஒரே ஒரு பாட்டு, நல்ல பாட்டு, பெற்றவள் என்ற உரிமையில், மொட்டை மாடியில் துணி காயப்போடும் சாக்கில் போய் அடிக்குரலில் பழகினாள், முதலில் தொண்டை திறக்கவே இல்லை, பிறகு மெல்லத் திறந்தது, காக்கைகூடப் பறக்கவில்லை, பரவாயில்லை என்று நினைத்தாள். அப்புறம் சம்பந்தி விமலாதேவியின் போன், சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க, பாட்டுக்கு வெளியில ஆள் சொல்லிட்டோம், நீங்க வந்து பொண்ணு பக்கத்துல நில்லுங்க போதும், என்றாள் அந்த அம்மாள், சுற்றி வளைத்துச் சர்க்கரை தடவிச் சொன்னாலும் சொன்னது அதுதான், உன் குரல் என் பேரனுக்கு ஆகாது. ஆகட்டும் என்று போனை வைத்தவள் அன்றிலிருந்து அந்த விமலாதேவியை மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை, பெரிய ஜமீன், இவள் வீட்டுக்கு மட்டும் சகுனம் பார்த்துத்தான் சூரியன் உதிக்கிறது, இன்றைக்குக் காலையில் வாசலில் பன்னீர் தெளித்து வாங்க சம்பந்தி என்று கையைப் பிடித்தபோதுகூடக் கையை உருவிக்கொண்டுதான் உள்ளே வந்தாள். இப்போது ஆல்பம் எந்தப் பாட்டில் இருக்கிறது, மழை, கஞ்சி வாளி, வயலினைக் கரகரவென்று தேய்க்கிறார்கள், சேத்தம்மா போகிறாள் வருகிறாள், அவளை விட்டால் ஆளில்லை அந்த ஊரில்.

கதவை யாரோ அடித்துத் திறந்தார்கள், சஹானா, பட்டுப்புடவையும் பூவும் கன்னத்தில் சந்தனமுமாக, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கால் வலிக்குதும்மா, அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டுப் போறேன், வளையல் இன்னும் ஆரம்பிக்கல, அவரோட பெரியம்மாவுக்காக வெயிட் பண்றாங்க, நீ ஏன் இங்க இருக்க, என்றாள். தமயந்தி இயர்போனைக் கழற்றி மடியில் போட்டாள், பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்து மகளுக்கு இடம் விட்டாள், பேசாமல் இருந்திருக்கலாம், வாய் சும்மா இருக்கவில்லை, நான் வெளிய இருந்தா என்ன உள்ள இருந்தா என்ன, உங்க அத்தைக்கு நான் வாயைத் திறக்காம இருந்தா சரி, என்றாள். சஹானா காலை நீட்டி உட்கார்ந்து கொலுசைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், அத்தை ஒண்ணும் சொல்லலம்மா, அவங்க உன்னைப் பாடச் சொல்லணும்னுதான் இருந்தாங்க, நான்தான் வேண்டாம்னேன், என் பேரைச் சொல்லாதீங்க, அம்மா தாங்க மாட்டாங்க, நீங்களே வேண்டாம்னு சொல்ற மாதிரி சொல்லிடுங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். எனக்கு இப்பவும் கனவு வருதும்மா, இந்த மாசம் ரெண்டு மூணு தடவை வந்துடுச்சு, நான் சேத்துக்குள்ள நிக்கறேன், அந்தக் குரல் வருது, திரும்பினா நீ நிக்கற. பாடறது என்ன பாட்டா இருந்தாலும் குரல் அதுதானே, உள்ள இருக்கறது கேட்டுடுமோன்னு பயமா இருக்கு, டாக்டர்கூடச் சொன்னாங்க, இப்ப எல்லாம் கேக்குமாம். தமயந்திக்கு அழுகை வரவில்லை, அழுகை வந்திருந்தால் தேவலை, இத்தனை நாள் அநியாயமாக ஒரு பெண்பிள்ளையைத் திட்டித் தீர்த்திருக்கிறோமே என்று ஒரு வெட்கம் வந்தது, அதற்குப் பின்னால் அதைவிடப் பெரியதாக ஏதோ ஒன்று வந்தது, அதற்குப் பெயர் தேடக்கூட அவளுக்குத் தெம்பில்லை, என் வயிற்றில் பிறந்ததற்கே நான் ஆகாமல் போய்விட்டேன், வளைகாப்பு முடிந்து இன்று சாயங்காலம் இவளை நம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகவேண்டும், பிரசவம் அங்கேதான், அந்த வீட்டில் ஒரு தொட்டில் தொங்கும், அதற்குப் பக்கத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கவேண்டும்.

ஆல்பம் ஓடிக்கொண்டே இருந்தது, வெளியே ஸ்பீக்கர் கொஞ்சம் ஓய்ந்திருந்ததால் மடியில் கிடந்த இயர்போனிலிருந்து எறும்புக் குரலாக ஏதோ கேட்டது, பாட்டு இல்லை, பேச்சு, நாற்காலி இழுபடுகிற சத்தம், யாரோ டப்பா மூடியைத் திறக்கிறார்கள், இது எஸ்தர் ஆன்ட்டி வாய்ஸ் மாதிரி இருக்கே, என்று சஹானா நிமிர்ந்தாள், கழுத்தை நீட்டிப் போன் திரையைப் பார்த்தாள், கடைசிப் பாட்டு, ஒலிப்பதிவுக் கூடத்தில், வேகம் குறைக்காதது, என்று பெயர் போட்டிருந்தது. தமயந்திக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, வேண்டாம், குடு, என்று கையை நீட்டுவதற்குள் மகள் ஒன்றை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டுவிட்டாள், வைத்ததும் முகம் வெளுத்தது, அந்த மெட்டு ஆரம்பித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது, தமயந்தி மற்றொன்றைத் தன் காதில் வைத்தாள், விடவும் முடியவில்லை பிடுங்கவும் முடியவில்லை, இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி வாய்க்குள் பாடிக்கொண்டிருக்கிறாள், இடையில் மூச்சு வாங்குகிறது, பிள்ளைத்தாய்ச்சி மூச்சு, எஸ்தர் அக்கா வாயில் சோற்றோடு பேசுகிறாள், ஏய் தமயந்தி, பொறக்காத புள்ளைக்குத் தாலாட்டுப் பாடாதடி, ஆகாது, அதற்கு அந்தப் பெண் சிரிக்கிறாள், அவளா, நானா, நான் இப்படிச் சிரித்திருக்கிறேனா, சிரித்துக்கொண்டே சொல்கிறாள், நான் எங்க பாடறேன் அக்கா, இதுதான் பாடச் சொல்லிக் கேக்குது, நிறுத்தினா உதைக்குது, பாடினா சமத்தா இருக்கு, பாருங்க, கையை வெச்சுப் பாருங்க. பிறகு பேச்சு இல்லை, அக்கா கையை வைத்துப் பார்க்கிறாள் போலிருக்கிறது, மெட்டு மட்டும் மறுபடி மேலே போகப் பார்த்துவிட்டுக் கீழே வந்து உட்காருகிறது.

முடிகிறவரை சஹானா காதிலிருந்து எடுக்கவில்லை, முடிந்த பிறகும் எடுக்கவில்லை, உதைக்குதுன்னது நானா, என்று கேட்டாள், நீதான், என்றாள் தமயந்தி, அப்ப சேத்தம்மா பாடினது எனக்கா, உனக்குத்தான், அவங்க மெதுவா ஓட்டிட்டாங்க, எனக்கே டிவியில வந்தப்புறம்தான் தெரியும். ஏம்மா சொல்லல, இத்தனை வருஷம், கட்டிலுக்கு அடியில எல்லாம் போய் ஒளிஞ்சிருக்கேனே, நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த, சொல்லியிருக்கலாம்ல. குரல் உயர்ந்துவிட்டது, கோபம்தான், தமயந்திக்கு அந்தக் கோபம்கூட நன்றாக இருந்தது, தன்மேல் மகளுக்கு இதுவரை இருந்தது பயம் மட்டும்தான். சொன்னா இன்னும் பயந்துடுவேன்னு நினைச்சோம்மா, என்றாள். பயந்துதான் இருப்பேன், என்று சஹானா மூக்கை உறிஞ்சினாள், பிறகு எழுந்திருக்க ஒரு கையை நீட்டினாள், அம்மா பிடித்துத் தூக்கிவிட்டாள், அதற்குள் கதவு மறுபடி அடிபட்டது, விமலாதேவி எட்டிப் பார்த்து, பெரியம்மா வந்தாச்சு, வாம்மா நேரமாகுது, நீங்களும் வாங்க சம்பந்தி, தலைவலி எப்படி இருக்கு, என்றாள், அவள் முகத்தை நேராகப் பார்க்கத் தமயந்திக்குக் கூச்சமாக இருந்தது, பரவால்லீங்க, இப்ப பரவால்ல, என்றாள்.

மனையில் உட்காரவைத்து முதலில் வேப்பிலைக் காப்புப் போட்டார்கள், பிறகு கண்ணாடி வளையல்கள், ஸ்பீக்கர் பெண் அடுத்த டிராக்கைத் தேடிக்கொண்டிருந்தபோது சஹானா, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க அத்தை, அம்மா பாடட்டும், என்றாள். விமலாதேவி மருமகளைப் பார்த்தாள், சம்பந்தியைப் பார்த்தாள், நீதானேம்மா, என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள், ஆமா நான்தான் சொன்னேன், இப்பவும் நான்தான் சொல்றேன், தாலாட்டுப் பாடட்டும், என்றாள் சஹானா. தாலாட்டா, என்று கூட்டமே திரும்பியது, பொறக்கறதுக்கு முன்னாடி அதெல்லாம் வேண்டாம்மா, வழக்கம் இல்ல, என்று பெரியம்மா இழுத்தாள். எனக்கும் பொறக்கறதுக்கு முன்னாடியேதான் பாடினாங்க, நான் பொறந்துட்டேன்ல, என்றாள் சஹானா, விமலாதேவி ஸ்பீக்கர் பெண்ணிடம் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். மாடியில் பழகிய நல்ல பாட்டெல்லாம் தமயந்திக்கு மறந்துவிட்டது, தொண்டையில் இருந்தது ஒன்றுதான், வாயைத் திறக்காமல் அதை ஆரம்பித்தாள், முதல் சுற்றிலேயே நாலைந்து பேருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, பின்வரிசையில் ஒருத்தி தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள், இன்னொருத்தி அடுத்தவள் காதில் ஏதோ சொன்னாள், தமயந்தி அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், குரல் கீழே இறங்கியது, நிறுத்திவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சஹானா வளையல் அடுக்கிய இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, அம்மா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாம்மா, சரியாக் கேக்கல, என்றாள்.